சாயங்காலம் எந்த ஊரில் கிடைக்கும்?

அன்புள்ள பிரியா,

நீ அனுப்பிய அட்டவணையை நானும் அப்பாவும் உட்கார்ந்து படித்தோம். நீங்கள் குடிபோவதற்கு மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் சியாங் மாய், போர்ச்சுகலின் லிஸ்பன் என்று மூன்று ஊர். ஒவ்வொன்றுக்கும் விசா, வாடகை, இணைய வேகம், சாப்பாட்டுச் செலவு. மாப்பிள்ளை நன்றாகவே உழைத்திருக்கிறார். ஆனால் ஒரு வரிசை விட்டுப்போயிருக்கிறது. பள்ளி விட்டுப் பிள்ளைகள் வீட்டுக்கு வரும்போது நீங்கள் இரண்டு பேரும் என்ன செய்துகொண்டிருப்பீர்கள்? லேப்டாப் முன்னால் இருப்பீர்களா, அவர்கள் பக்கத்தில் இருப்பீர்களா? என்னைக் கேட்டால் அந்த வரிசையைத்தான் முதலில் போட்டிருக்க வேண்டும்.

போகவே கூடாது என்று நான் சொல்லப்போவதில்லை, கண்ணு. நீ சொன்ன காரணம் எனக்குப் புரிந்தது. ஜெர்மன் கம்பெனிக்குப் பெங்களூரிலிருந்து வேலை பார்ப்பதால் உங்கள் நாளே மத்தியானம்தான் தொடங்குகிறது. அங்கே காலை ஒன்பது என்றால் நமக்குக் கோடையில் பன்னிரண்டரை, குளிர்காலத்தில் ஒன்றரை. வேலை முடிய ராத்திரி ஒன்பது, பத்து ஆகிவிடுகிறது. யாழினிக்கு வீட்டுப்பாடம் பார்ப்பது சமையல்கார அக்கா. "வீட்டிலேயேதான் இருக்கேன், ஆனா பிள்ளைங்க முகத்தைப் பார்க்க முடியலைம்மா" என்று போனில் சொன்னாய். இடம் மாறுவது அதற்காகத்தான் என்றால், போகிற ஊர் அதைத் தீர்த்துவைக்க வேண்டும்.

பட்டியலைப் பார்த்ததும் என் மனசு பினாங்குக்குத்தான் ஓடியது. சென்னையிலிருந்து கோலாலம்பூர் நாலு மணி நேரம், அங்கிருந்து பினாங்கு கூப்பிடு தூரம். 1816-ல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கிய ஊர் அது. கடைப் பலகையில் தமிழ் இருக்கும், தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் இருக்கும், காலையில் இட்லி கிடைக்கும். நினைத்தபோது கிளம்பி வந்து பிள்ளைகளைப் பார்த்துவிடலாம் என்று நானும் ஆசைப்பட்டேன். ஆனால் மணிக்கணக்கைப் போட்டுப் பார். மலேசியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். உங்கள் கம்பெனியின் காலை ஒன்பது அங்கே கோடையில் பிற்பகல் மூன்று, குளிர்காலத்தில் நாலு. யாழினி பையைக் கழற்றி வைக்கிற நேரத்தில் நீ ஹெட்போனை மாட்டுவாய். வேலை முடிந்து நீ எழுந்திருக்கும்போது ராத்திரி மணி பதினொன்று தாண்டியிருக்கும். பெங்களூரில் ராத்திரியில் ஒரு மணி நேரமாவது மிஞ்சுகிறது, அங்கே அதுவும் போய்விடும். வெளிநாட்டுக் கம்பெனிக்கு இணையம் வழியாக வேலை பார்ப்பவர்கள் தங்க மலேசியா 2022-ல் கொண்டுவந்த டிஇ ரந்தாவ் அனுமதியும் மூன்று மாதம் முதல் பன்னிரண்டு மாதம் வரைதான். புதுப்பித்தால் இன்னொரு வருடம். யாழினிக்கு ஒரு தோழி அமைந்து பழகுவதற்குள் அடுத்து எங்கே என்ற பேச்சு வந்துவிடும். எனக்கு எவ்வளவு பிடித்த ஊரானாலும் சரி, பினாங்கு வேண்டாம்.

சியாங் மாய்க்கு நேரக் கணக்கு அநேகமாக அதேதான். அதே மாதிரி ஆட்களுக்காக 2024-ல் தாய்லாந்து அறிவித்த டிடிவி விசா ஐந்து வருடம் செல்லும் என்றாலும், ஒரு தடவை உள்ளே போனால் 180 நாள்தான் என்று மாப்பிள்ளையே எழுதியிருக்கிறார். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை வயலையும் காட்டையும் எரிக்கிற புகை அந்த ஊரை மூடிக்கொள்ளும். சின்னவன் கவினுக்கு இருக்கிற வீசிங்குக்கு அதைப் பற்றி மேலே பேச வேண்டியதே இல்லை.

லிஸ்பன் தூரம். எனக்கு அது கஷ்டம்தான், மறைக்கவில்லை. ஆனால் ஜெர்மனியை விட அங்கே ஒரு மணி நேரம் பின்னால். வருடம் முழுக்க அந்த வித்தியாசம் மாறாது. உங்கள் கம்பெனியின் ஒன்பது மணி லிஸ்பனில் எட்டு மணி. ஒருவர் எட்டு மணிக்கே உட்கார்ந்து நாலு, நாலரைக்கு எழுந்துவிடலாம். இன்னொருவர் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து தொடங்கலாம். அங்கே முதல் நாலு வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் முடிந்த பிறகும் ஐந்தரை வரை பாட்டு, விளையாட்டு என்று பள்ளியிலேயே ஏற்பாடு உண்டு. விருப்பப்பட்டால் சேர்க்கலாம், கட்டாயம் இல்லை. ஐந்து மணிக்கு மேல் நாலு பேரும் ஒரே வீட்டில், யாருக்கும் மீட்டிங் இல்லாமல் இருப்பீர்கள். நீ தேடிப் போவது இதைத்தானே?

அப்புறம், மாப்பிள்ளை கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிற யோசனை. மூன்று மாதம் ஓர் ஊர், மூன்று மாதம் இன்னோர் ஊர் என்று சுற்றினால் பிள்ளைகள் உலகத்தைப் பார்ப்பார்கள் என்கிறார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனாலும் இதில் நான் ஒத்துப்போக மாட்டேன். திருப்பூரில் நான் வேலை பார்த்த பள்ளி உனக்குத் தெரியும். பனியன் கம்பெனிகளுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிறவர்களின் பிள்ளைகள் வருடத்தின் நடுவில் வந்து சேர்வார்கள், சொல்லாமல் ஒரு நாள் போய்விடுவார்கள். உன் பிள்ளைகளுக்கு வசதி இருக்கிறது, அவர்களுக்கு இல்லை. அதை நான் ஒன்றாக்கவில்லை. ஆனால் வகுப்பறைக்குள் நுழையும்போது பிள்ளைக்குப் பிள்ளை வித்தியாசம் கிடையாது. புது மொழி கேட்கிற பிள்ளை முதலில் வாயை மூடிக்கொள்ளும். சில பிள்ளைகள் சில வாரம், சில பிள்ளைகள் பல மாதம். அந்த நேரத்தில் அது சும்மா இருப்பதில்லை. காதால் எல்லாவற்றையும் சேர்த்துவைத்துக்கொண்டிருக்கும். பிறகு ஒரு நாள் விளையாட்டில் சண்டை வரும்போது முழு வாக்கியமாக வெளியே கொட்டும். எத்தனையோ பிள்ளைகளிடம் இதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பேச்சு வருவதற்கு முன்னாலேயே ஊர் மாறிப்போன பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். அடுத்த பள்ளியில் அவர்கள் காதையும் மூடிக்கொள்வார்கள், எப்படியும் போய்விடப்போகிறோம் என்று தெரிந்துவிடுவதால். யாழினியை அப்படி ஆக்கிவிடாதீர்கள். எந்த ஊரானாலும் முழுதாக இரண்டு பள்ளி வருடம் இருங்கள். சுற்றிப் பார்ப்பதற்கு லீவு நாட்கள் போதும்.

இதனால்தான் எந்த மாதம் போகிறீர்கள் என்பதிலும் எனக்கு அக்கறை. போர்ச்சுகலில் பள்ளி செப்டம்பர் நடுவில் திறக்கிறது. அங்கே முதல் நாலு வகுப்புக்கு வகுப்பாசிரியர் ஒருவரே முக்கியப் பாடங்களை நடத்துவார், பெரும்பாலும் அவரே பிள்ளைகளோடு மேல் வகுப்புக்கும் போவார். ஐந்தாம் வகுப்பிலிருந்துதான் பாடத்துக்கு ஒரு ஆசிரியர், பல இடங்களில் பள்ளிக்கூடமே வேறு. யாழினிக்கு வருகிற ஆகஸ்டில் எட்டு முடிகிறது. இங்கே இரண்டாம் வகுப்பை முடித்துக்கொண்டு செப்டம்பரில் அங்கே மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்தால், ஒரே டீச்சரிடம் இரண்டு வருடம் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. மொழி தெரியாத பிள்ளைக்கு அதைவிடப் பெரிய உதவி வேறு இல்லை என்று ஒரு டீச்சராகவே சொல்கிறேன். ஜனவரியில் டிக்கெட் மலிவு என்று மாப்பிள்ளை சொன்னால் கேட்காதே.

இங்கிலீஷ் பள்ளியா, அரசுப் பள்ளியா என்று கேட்டிருந்தாய். அரசுப் பள்ளிதான். ஆறு வயதிலிருந்து பதினெட்டு வரை கட்டாயக் கல்வி, கட்டணம் கிடையாது. தாய்மொழி வேறாக உள்ள பிள்ளைகளுக்கு போர்ச்சுகீஸைத் தனியாகக் கற்றுக்கொடுக்கும் பாடத்திட்டமும் இருக்கிறது. பன்னாட்டுப் பள்ளியில் முதல் நாளே அவளுக்கு எல்லாம் புரியும், உண்மைதான். ஆனால் அந்தப் பிள்ளைகளும் உங்களைப் போல வந்து போகிறவர்கள். இரண்டு வருடத்தில் பாதிப் பேர் வேறு நாட்டில் இருப்பார்கள். அரசுப் பள்ளியில் பக்கத்துத் தெருப் பிள்ளை பக்கத்தில் உட்காரும், சாயங்காலம் அதே பூங்காவுக்கு வரும். கவினுக்கு மூன்றிலிருந்து ஐந்து வயதுக்கான முன்பள்ளி. லிஸ்பனில் அதற்கு இடம் கிடைப்பது சிரமம் என்பதால் வீடு பார்க்கும்போதே விசாரித்துவிடு.

வீடு என்றதும் இன்னொன்று. அங்கே பழைய வீடுகள் பலவற்றில் சூடேற்றும் வசதி இருக்காது. மழையும் குளிரும் சேர்ந்தே வருவதால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். ஜூலையில் போய்ப் பார்த்தால் வெயில் பளபளவென்று இருக்கும், ஒன்றும் தெரியாது. அலமாரிக்குப் பின்னாலும் படுக்கையறை மூலையிலும் கை வைத்துப் பார்க்கச் சொல். வடக்கே இருக்கிற பிராகா அழகான ஊர், வாடகையும் குறைவுதான், ஆனால் லிஸ்பனைவிட மழை அதிகம். கவினை நினைத்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அல்மாடாவோ, இன்னும் தெற்கே செத்தூபலோ பார்க்கலாம். முன்பணமாகப் பல மாத வாடகை கேட்பார்கள், உள்ளூர் ஜாமீன்தாரர் கேட்பதும் உண்டு. அந்தப் பணத்தை விசாச் செலவோடு கலக்காமல் தனியாக எடுத்துவை.

விசா விஷயத்தில் மாப்பிள்ளைக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இருந்தாலும் மனசில் பட்டதைச் சொல்கிறேன். வெளிநாட்டுக் கம்பெனிக்கு அங்கிருந்தே வேலை பார்ப்பவர்களுக்குப் போர்ச்சுகல் தருகிற டி8 விசாவுக்கு வருமானம் அந்த நாட்டின் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல நாலு மடங்கு இருக்க வேண்டும். 2025-ல் அந்த ஊதியம் 870 யூரோ, ஆக மாதம் 3,480. அது அநேகமாக வருடா வருடம் ஏறுகிறது, ஆகவே விண்ணப்பிக்கிற வருடத்துத் தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். "எங்கிருந்து வேலை செய்தாலும் சரி" என்று உங்கள் மேனேஜர் வாயால் சொன்னது போதாது, நாட்டின் பெயரோடு எழுத்தில் வேண்டும். வருடத்தில் 183 நாளுக்கு மேல் தங்கினால் வரி அங்கேதான் என்பதால் கம்பெனி சம்பளம் தருகிற முறையே மாற வேண்டியிருக்கலாம். யூடியூபில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிற பழைய வரிச் சலுகை 2024-லேயே புதியவர்களுக்கு மூடப்பட்டுவிட்டது, அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். நீங்கள் இருவரும் முதலில் போய்விட்டு, பிள்ளைகளை எங்களிடம் விட்டு, பிறகு கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று ஒரு பேச்சு வந்ததே, அது வேண்டாம். எங்களுக்குப் பிள்ளைகளை வைத்துக்கொள்ள ஆசைதான். ஆனால் குடும்பத்தைப் பிறகு வரவழைக்கிற விதிகளை 2025-ல் கடுமையாக்கிவிட்டார்கள், குடியேற்ற அலுவலகத்தில் தேங்கிய கோப்புகளே லட்சக்கணக்கில் இருந்தன. நாலு பேருக்கும் சேர்த்தே விண்ணப்பித்து, நாலு பேரும் ஒன்றாக விமானம் ஏறுங்கள்.

தமிழைப் பற்றி நீ ஒன்றும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். யாழினிக்குப் பயமில்லை. அவள் எழுதப் படிக்கத் தொடங்கிவிட்டாள். கவின்தான். நாலு வயதில் புது மொழி சீக்கிரம் ஒட்டும், பழையது அதே வேகத்தில் கழன்றுவிடும். அக்காவும் தம்பியும் தங்களுக்குள் போர்ச்சுகீஸ் பேச ஆரம்பிக்கிற நாள் வரும். அதைத் தடுக்க வேண்டாம், தடுக்கவும் முடியாது. நீயும் மாப்பிள்ளையும் வீட்டில் இங்கிலீஷில் பேசிக்கொள்வதை மட்டும் விட்டுவிடுங்கள். அவன் தமிழைக் கேட்க உங்கள் இரண்டு வாயைத் தவிர அங்கே வேறு வாய் இல்லை. ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குக் காலை ஒன்பது என்றால் எனக்கு மத்தியானம் இரண்டு மணி வாக்கில் இருக்கும். அந்த நேரத்தை எனக்குக் கொடு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மழலைப் பாடங்களை வைத்து இரண்டு பேருக்கும் நான் சொல்லிக்கொடுக்கிறேன். 1554-ல் தமிழ் நூல் ஒன்று ரோமன் எழுத்தில் அச்சானது அந்த லிஸ்பனில்தான் என்று யாழினியிடம் சொல், அவளுக்கு இந்த மாதிரிச் செய்திகள் பிடிக்கும்.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை என்றால் இந்த வாரமே சொல்லிவிடு. நீங்கள் போனில் பேசுவதைக் கேட்டு அவளாகத் தெரிந்துகொள்ளக் கூடாது. இரண்டு வருடம், பெரிய லீவுக்கு இங்கே வருவோம், நீ கொண்டுவர நினைக்கிற சாமானுக்கு ஒரு பெட்டி உனக்கே என்று சொல். அழுதால் அழட்டும், உடனே சமாதானப்படுத்தாதே. அவள் வகுப்புத் தோழிகளின் அம்மாக்களுடைய நம்பரைக் கிளம்புவதற்கு முன்னால் வாங்கிவைத்துக்கொள்.

யாழினி பிறந்தது இங்கே என்பதால் அவளுடைய பிறப்புச் சான்றிதழை அப்பா எடுத்துத் தருகிறார். நாம் முதலில் வாங்கியதில் குழந்தையின் பெயர் இல்லாமல் இருந்தது நினைவிருக்கிறதா? பெயர் சேர்த்த பிரதிதான் வேண்டும். அதில் உன் பெயரும் மாப்பிள்ளை பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இனிஷியல் விரித்து எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிடச் சொல்லியிருக்கிறேன். அங்கே குடும்பப் பெயர் கேட்பார்கள், இனிஷியல் என்றால் புரியாது. கவினுடையதை நீ பெங்களூரில் எடு. மாநில அரசின் சரிபார்ப்பு முடிந்து, வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்தில் முத்திரை வாங்க நாளாகும். உங்கள் திருமணச் சான்றிதழையும் அதோடு சேர்த்து அனுப்பிவிடு. தடுப்பூசி அட்டைகளை ஸ்கேன் செய்து வைத்துக்கொள்.

முதல் குளிர்காலத்துக்கு நான் வருகிறேன். சுற்றுலா விசாவில் 90 நாள் வரை இருக்கலாமாம். யாழினி பேசாமல் இருக்கிற மாதங்கள் அநேகமாக அவைதான், அப்போது வீட்டில் இன்னொரு ஆள் இருப்பது நல்லது. அப்பாவுக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளாது, அவர் கோடையில் வரட்டும். இதை மாப்பிள்ளையிடம் படித்துக் காட்டு. அவருக்கு மாற்றுக் கருத்து இருந்தால் அவரே கூப்பிட்டுப் பேசட்டும், நான் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா