ஒட்டுக்கத்தியின் வாய்

சந்தூர்,
ஆவணி மாதம்.

அன்புள்ள நண்பா,

இங்கு அனைவரும் நலம். அங்கு நீயும் தங்கையும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். பொங்கலுக்குப் பிறகு என்னிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை என்று நெட்டையனிடம் வருத்தப்பட்டாயாம். உன் வருத்தம் நியாயமானதுதான். இந்த இரண்டு மாதமாக என் மனம் முழுவதும் ஒரு கத்தியிலேயே கிடந்தது. அதைச் சொல்லவே இப்போது எழுதுகிறேன்.

மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்ட அப்பா வைத்திருந்த ஒட்டுக்கத்தி உனக்கு நினைவிருக்கும். பத்தாம் வகுப்பு விடுமுறையில் அதை எடுத்துப் பென்சில் சீவி அவரிடம் நீ வாங்கிக்கட்டிக்கொண்டதை மறந்திருக்கமாட்டாய். ஆனி மாதம் நாற்றங்காலில் வேலை குவிந்து கிடந்தபோது, கல்லில் தீட்ட நேரமில்லை என்று அந்தக் கத்தியைப் போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மோட்டார் சாணை வைத்திருந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். பொறி பறக்க இரண்டே நிமிடத்தில் வேலை முடிந்தது. வாயோரம் மயில்கழுத்து நிறத்தில் ஒரு கோடு ஓடியிருந்ததைப் பார்த்தும், அதை மெருகு என்று எண்ணி மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன். அந்தக் கத்தியால் கட்டிய 200 செந்தூரா மா ஒட்டுகளில் 140 கருகிவிட்டன.

முதலில் மழையைக் குறை சொன்னேன். பிறகு நாற்றில் ஒட்டுவதற்குத் தாய்மரத்தில் குச்சி வெட்டி வந்த பையனைத் திட்டினேன். அது தவறு என்று அவனிடமே சொல்லிவிட்டேன். மாமா வந்து, பட்டுப்போன ஒட்டு ஒன்றின் நாடாவைப் பிரித்து, குச்சியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டிய பிறகுதான் எனக்கு விளங்கியது. ஆப்பாகச் சீவிய முகம் ஒரே தளமாக இல்லை. நடுவில் மேடு தட்டி, ஓரத்தில் பட்டை நார்நாராகக் கிழிந்திருந்தது. பட்டைக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள அந்த மெல்லிய வளரும் படலம், குச்சியிலும் நாற்றுத் தண்டிலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றால்தான் ஒட்டுப் பிடிக்கும். இடையில் காற்றுப் புகுந்தால் குச்சி காய்வதைத் தவிர வேறு வழியில்லை.

நம் ஒட்டுக்கத்திக்கு ஒரு பக்கம் மட்டுமே சரிவு; மறுபக்கம் பலகை போலத் தட்டையாக இருக்கவேண்டும். தட்டைப் பக்கம் குச்சியின்மேல் படிந்து செல்வதால்தான் வெட்டு நேராக இறங்குகிறது. அந்தச் சாணைக்காரரோ சமையல் கத்தியைப்போல இரு பக்கமும் சரிவு வைத்துவிட்டார். அந்த நீலக் கோடு இன்னும் மோசம்: எஃகு 300 டிகிரியை ஒட்டிச் சூடேறியதற்கு அது அடையாளம், அந்தச் சூட்டில் கொல்லர் ஏற்றிய தோய்ச்சல், அதாவது எஃகின் கடினம், இறங்கிவிடும், பிறகு எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது.

நீலம் ஏறிய பகுதி முழுவதையும் கையாலேயே தேய்த்து எடுத்தேன். கிணற்றடியில் கோணியை நனைத்துப் போட்டு, அதன்மேல் அப்பாவின் இருபக்கக் கல்லை வைத்து, மூன்று நாள் மாலையில் சொரசொரப்பான பக்கத்தில் உழைத்தேன். முன்பெல்லாம் குருந்தக் கல்லைப் பொடித்து அரக்கில் குழைத்துச் சாணை செய்தார்கள் என்று அப்பா சொல்வாரே, அந்தக் குருந்தம் என்ற நம் சொல்லிலிருந்தே ஆங்கிலத்தில் அக்கல்லுக்குக் ‘கோரண்டம்’ என்று பெயர் வந்தது என்பதை அண்மையில் அறிந்து பெருமகிழ்ச்சி அடைந்தேன்.

சரிவு முழுவதும் மார்க்கர் பேனாவால் கறுப்பு மை பூசிவிட்டு இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்தால், மை எங்கே போயிற்று, எங்கே நின்றது என்பதைக் கொண்டே கையின் சாய்வு சரியா என்று தெரிந்துவிடும். ஏறத்தாழ 20 டிகிரிச் சாய்வைக் குலையாமல் பிடித்தால், வாயின் மறுபக்கத்தில் நுனி முதல் அடிவரை மெல்லிய பிசிறு எழும். விரல் நகத்தை வெளிப்புறமாக வருடினால் தட்டுப்படும். பிசிறு எழாத இடம் இன்னும் தீட்டப்படாத இடம் என்று பொருள். பிறகு மென்மையான 1000 எண் கல்லில் மெதுவாகத் தேய்த்து, தட்டைப் பக்கத்தைக் கல்லோடு கல்லாகப் படியவைத்து இரண்டே இழுப்பில் பிசிறை அகற்றி, கடைசியாகப் பழைய தோல்வாரில் பின்னோக்கி இழுக்கவேண்டும்.

பதம் பார்ப்பதில்தான் நான் நெடுநேரம் செலவிட்டேன். கட்டைவிரலை வாயின் குறுக்காக மட்டுமே வருடவேண்டும், நீளவாக்கில் ஒருபோதும் கூடாது என்ற அப்பாவின் கண்டிப்பு இப்போதும் காதில் ஒலிக்கிறது. இரவில் விளக்கின் அடியில் வாயை மேல்நோக்கிப் பிடித்துப் பார்த்தேன். நல்ல கூருக்கு ஒளியைத் திருப்பி அனுப்ப இடமே இருக்காது. வாய் இருக்குமிடமே தெரியாது. நுனியிலிருந்து அரை அங்குலத்தில் மட்டும் கடுகளவு வெள்ளையாக ஒரு புள்ளி மினுங்கியது. நகத்தின்மேல் வைத்து இழுத்தபோது, மற்ற இடமெல்லாம் கவ்விய கத்தி அந்த இடத்தில் மட்டும் வழுக்கியது. இரவு பதினொரு மணிக்கு மீண்டும் கல்லை நனைத்தேன். புள்ளி மறைந்த பிறகு ஒரு மாங்குச்சியைச் சீவினேன். சத்தமே இல்லாமல் சுருள் விழுந்தது, வெட்டுமுகம் ஈரமாகப் பளபளத்தது. அப்பா இருந்திருந்தால் அந்தச் சுருளைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பார்.

ஆடியில் அதே கத்தியால் 60 ஒட்டுக் கட்டினேன். நேற்றுவரை 51 குச்சிகளில் செம்புநிறத் துளிர் வந்துவிட்டது.

கத்தி மழுங்கினால் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்குவதாகச் சொன்னாயே, அது எனக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. காலாண்டு விடுமுறைக்கு வரும்போது அந்தக் கத்திகளையும், பரண்மேல் போட்டுவைத்திருக்கும் உன் அம்மாவின் அரிவாள்மனையையும் கட்டாயம் எடுத்து வா. வழியில் எந்தச் சாணைக்காரரிடமும் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
உன் சந்தூரான்