உன் லேப்டாப்பைத் தூக்கிப் போடாதே, மாப்ள

பாளையங்கோட்டை

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஓசூர் குளிர், பள்ளிக்கூடத்தில் புதுத் தலைமையாசிரியர், அப்பாவின் முழங்கால் வலி எல்லாம் படித்தேன். அப்பா இப்போது மாடிப்படி ஏறுகிறார் என்று எழுதியிருந்தாய், அதுதான் பெரிய சந்தோஷம். கடைசியில் இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். அந்தப் பழைய லேப்டாப்பை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டுப் புதுசு வாங்கலாமா என்பது ஒன்று. இன்னும் அதே கடையில்தான் இருக்கிறாயா, கம்ப்யூட்டர் சர்வீஸ் காலமெல்லாம் முடிஞ்சுபோச்சேடா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் என் பதில் ஒன்றுதான், ஆனால் லேப்டாப்பை முதலில் முடித்துவிடுகிறேன்.

தள்ளாதே. விண்டோஸ் 10 முடிந்துவிட்டது, இனி இது வேலைக்கு ஆகாது என்று உன்னிடம் சொன்னவர் பாதி விஷயத்தைத்தான் சொல்லியிருக்கிறார். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் அதற்கு வழக்கமான அப்டேட் கொடுப்பதை நிறுத்தியது உண்மை. ஆனால் அன்றைக்கு ராத்திரியோடு யாருடைய மெஷினும் நின்றுவிடவில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும், அதை நீ இன்றைக்கே செய்துவிடு. உன்னுடையது ஆறாம் தலைமுறை ஐ5 என்று நினைவு, விண்டோஸ் 11 கேட்பது எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப்பும், அதனால் முறைப்படி அது ஏறாது. ஏறாவிட்டால் என்ன? நீ அதில் செய்வது கேள்வித்தாள் அடிப்பது, மார்க் பட்டியல் போடுவது, பாட்டுக் கேட்பது, பையனுக்கு வீடியோ காட்டுவது. இத்தனைக்கும் விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற லினக்ஸ் மின்ட் தாராளமாகப் போதும், கேள்வித்தாளுக்கும் மார்க் பட்டியலுக்கும் வேண்டிய லிப்ரெ ஆபீஸ் அதனோடேயே வருகிறது, தமிழ்99 விசைப்பலகையும் சேர்த்துவிடலாம், காசும் கிடையாது.

அது ஆமை மாதிரி நகர்கிறது என்று எழுதியிருந்தாயே, அதற்குக் காரணம் ப்ராசஸர் இல்லை, உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க். நிமிஷத்துக்கு 5400 சுற்று, அதன் மேல் ஒரு முள் அங்கும் இங்கும் ஓடித் துண்டு துண்டாய்க் கிடக்கும் ஃபைல்களைப் பொறுக்கிக்கொண்டு வர வேண்டும். அதைக் கழற்றிவிட்டு, சிப்பிலேயே சேமிக்கிற ஒரு எஸ்எஸ்டி போட்டால் ஓடுகிற பாகமே கிடையாது, நீ பட்டனை அழுத்திவிட்டு டீ போடப் போகிற பழக்கத்தை மறந்துவிடுவாய். என் கடைக்கு வருகிற ஸ்லோ கேஸ்களில் பெரும்பாலானவை இந்த ஒரு மாற்றத்திலேயே சரியாகிவிடுகின்றன.

அதோடு இப்போது புதுசு வாங்க நல்ல நேரமும் இல்லை. ராம் விலையைக் கேட்டாயா? 2025 கடைசியிலிருந்து தாறுமாறாக ஏறிக்கொண்டிருக்கிறது, ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப் மொத்தமாகப் போகிறது, நம்மைப் போன்றவர்களுக்கு மிஞ்சுவது கொஞ்சம். மைக்ரான் கம்பெனி க்ரூஷியல் என்ற பெயரில் சில்லறையில் விற்றுவந்ததையே நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடை ஆட்களிடம் போனில் விலை கேட்டால், காலையில் சொன்னது சாயங்காலம் நிற்பதில்லை. செத்த மெஷின்களிலிருந்து கழற்றி டப்பாவில் போட்டு வைத்திருந்த டிடிஆர்4 ராம்களைத்தான் இப்போது ஒவ்வொன்றாக எடுத்து ரப்பரால் தேய்த்து, டெஸ்ட் பண்ணி, காலேஜ் பிள்ளைகளுக்குப் போட்டுக்கொடுக்கிறேன். ஆமாம், பென்சில் அழிக்கும் அதே ரப்பர்தான். ராமின் தங்கநிற விளிம்பில் படியும் கறையை அதை விடப் பக்குவமாக எடுக்கிற சாமான் இன்னும் வரவில்லை. நோ டிஸ்ப்ளே, திரையில் ஒன்றுமே வரவில்லை என்று தூக்கிக்கொண்டு வருகிற சிஸ்டங்களில் பாதி அந்தத் தேய்ப்பிலேயே உயிர் பெற்றுவிடும்.

ஒன்றை மட்டும் உடனே பார். லேப்டாப்பை மூடி மேஜையில் வைத்துக் கண் மட்டத்தில் குனிந்து பார், தட்டையாக உட்கார்கிறதா, அல்லது நடுவில் ஆடுகிறதா? டச்பேட் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, அழுத்தினால் கிளிக் ஆகாமல் இருக்கிறதா? அப்படியென்றால் பேட்டரி உப்பியிருக்கிறது, சார்ஜ் போடாதே, குத்தாதே, அமுக்காதே, அங்கேயே பக்கத்தில் ஒரு நல்ல ஆளிடம் கொடுத்துக் கழற்றிவிடு. இதில் அலட்சியம் வேண்டாம், வீட்டில் சின்னப்பிள்ளை இருக்கிறது.

இனி இரண்டாவது கேள்வி. காலம் மாறியிருக்கிறது, மறுக்கவில்லை. வருமானத்தில் பெரிய பங்கு இப்போது சிசிடிவி வேலைதான், நகைக்கடை, அரிசி ஆலை, கல்யாண மண்டபம் என்று ஏணியும் கேபிள் சுருளுமாக அலைகிறேன். புது லேப்டாப்கள் சிலவற்றில் ராமை போர்டிலேயே ஒட்டி அனுப்புகிறார்கள், அது போனால் போர்டையே மாற்று என்கிறார்கள், எனக்கு அதைப் பார்க்கவே ஆத்திரமாக வரும், ஒரு சின்ன சிப்புக்காக முழு மெஷினையும் குப்பைக்கு அனுப்புவது என்ன நியாயம்? என் மச்சினன் கடையைக் காலி செய்துவிட்டு மொபைல் ஷோரூம் போடச் சொல்லி நச்சரிக்கிறான். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று அவனிடம் விளக்கவில்லை, உனக்குச் சொல்கிறேன்.

2023 டிசம்பர் 17, 18 மழை உனக்கு டிவியில் தெரிந்த கதை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஊருக்குள் வந்தது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோய் ஜனங்கள் அதிலேயே மாட்டிக்கொண்டார்கள். என் கடை கொஞ்சம் மேடு, தப்பித்தது. தண்ணீர் வடிந்த பிறகு வந்தது பார் கூட்டம், ஏரலிலிருந்தும் ஸ்ரீவைகுண்டத்திலிருந்தும் சாக்கிலும் பிளாஸ்டிக் கூடையிலும் கம்ப்யூட்டர்களைச் சுமந்துகொண்டு. கேபினெட்டைத் திறந்தால் ஆற்று வண்டல், ஃபேன் இறக்கைகளுக்கு நடுவே வைக்கோலும் வாழை நாரும், கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியைக் கவிழ்த்தால் சேறு வழியும். மதர்போர்டுகளைக் கழற்றிக் கழுவி, மெல்லிய பிரஷ்ஷால் ஐபிஏ என்கிற ஆல்கஹால் போட்டுத் துடைத்து, மொட்டைமாடியில் நிழலில் வரிசையாகக் காயவைத்தோம். என் பெண் ஒவ்வொன்றிலும் யாருடையது என்று பேப்பர் டேப்பில் எழுதி ஒட்டினாள்.

அதில் ஒரு ஸ்டூடியோக்காரர் வந்தார். ஹார்ட் டிஸ்க்குகளை ஒரு துண்டில் கட்டி மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார், ஏரல் சுற்று வட்டாரக் கல்யாணங்கள் எல்லாம் அதில்தான். சிஸ்டம் போனால் போகட்டும் தம்பி, இந்தப் படமெல்லாம் வந்தா போதும், ஜனங்க வீட்டு ஆல்பமும் வெள்ளத்தோட போயிருச்சு, என்கிட்டதான் கேட்பாங்க என்றார். நான் முதலில் கேட்டது, இதை எங்கேயாவது மாட்டி ஆன் பண்ணிப் பார்த்தீர்களா என்றுதான். இல்லை என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எவ்வளவு தெம்பு வந்தது தெரியுமா! ஹார்ட் டிஸ்க் மேல் ஒரு பொட்டுத் துளை இருக்கும், காற்றழுத்தம் சமன் ஆவதற்கு, மூடக்கூடாது என்று பக்கத்திலேயே அச்சடித்திருப்பார்கள். தண்ணீர் அந்த வழியாகத்தான் உள்ளே போகும். உள்ளே முள்ளுக்கும் தட்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியில் தலைமுடிகூடப் போகாது, அங்கே ஒரு மண் துகள் இருக்கும்போது கரண்ட் கொடுத்துச் சுற்றவிட்டால் தட்டு கீறிப் படம் எல்லாம் நிரந்தரமாகப் போய்விடும். ஆன் பண்ணாமல் இருந்தால் ஏதோ வழி உண்டு. உள்ளே ஈரம் போகாமல் அடியில் இருக்கும் பச்சை போர்டு மட்டும் கெட்டதை நானே சுத்தம் செய்து உயிர்ப்பித்தேன், உள்ளே தண்ணீர் போனதைத் திறக்காமல் சென்னைக்கு டேட்டா ரெக்கவரி லேபுக்கு அனுப்பினோம். சில வந்தன, சில வரவில்லை. வந்தவற்றை என் கடை மானிட்டரில் ஒவ்வொரு ஃபோல்டராக அவர் திறந்து, இது இன்னார் வீட்டுப் பெண், இது அவங்க அப்பா, இப்போ இல்லை என்று சொல்லிக்கொண்டே போனார். பாக்கியை ஞாயிற்றுக்கிழமை தருகிறேன் என்று சொல்லி, சொன்னபடி கொண்டுவந்தும் கொடுத்தார்.

இதற்காகத்தான் மாப்ள நான் இந்தக் கடையில் இருக்கிறேன். ஜனங்கள் என்னிடம் கொண்டுவருவது மெஷினை இல்லை. ஒரு ரிட்டயர்டு தமிழாசிரியர் பாமினி எழுத்துருவில் வருஷக்கணக்காக அடித்து வைத்த குடும்ப வரலாறு, ஃபார்மட் பண்ணியதில் ஃபான்ட் காணாமல் போய் எல்லாம் ஆங்கில எழுத்துக் குவியலாக நின்றது, இனி அவ்வளவுதான் என்று நினைத்துவிட்டார். தனி ஃபான்ட் தேவைப்படாத யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தேன், ஒவ்வொரு பக்கமாக அவரே பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்த்தார். உன்னுடைய பழைய கேள்வித்தாள்களும் பாமினியில்தானே கிடக்கின்றன? அதையும் கொண்டு வா, சேர்த்தே மாற்றிவிடலாம்.

சின்ன வேலைகளிலும் எனக்கு ருசி குறையவில்லை. போன வாரம் ஒரு இ-சேவை மையத்துப் பெண், நெட் வருது, ஆனா ஒரு சைட்டும் திறக்கல என்று பதறிக்கொண்டு வந்தாள். சர்வீஸ்காரர் ஒருவர் விண்டோஸை மறுபடி போடச் சொல்லியிருக்கிறார். கீழே மூலையில் தேதியைப் பார்த்தேன், பல வருஷம் பின்னால் நின்றது. போர்டில் இருக்கும் காசு மாதிரியான 3 வோல்ட் செல் காலி, கரண்டை அணைத்ததும் தேதி மறந்துபோகும், தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ் பொருந்தாமல் பிரவுசர் எந்த சைட்டையும் நம்பாது. சிஆர்2032 ஒன்று மாற்றித் தேதியைச் சரிசெய்தேன், சில பத்து ரூபாய்ச் சாமான், அன்றைக்குச் சான்றிதழுக்கு அலைந்துகொண்டிருந்த பிள்ளைகள் அத்தனை பேர் வேலையும் முடிந்தது.

வீட்டில் எல்லாரும் சௌக்கியம். என் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் மாதத்தில் ஒரு வாரம் நைட் டூட்டி வரும், அந்த ஞாயிற்றுக்கிழமை சமையல் என் பொறுப்பு, சொதிதான் வேறென்ன. தேங்காயைத் துருவி மூன்று பால் எடுத்து, காய்களை மூன்றாம் பாலில் வேகவைத்து, வெந்த பாசிப்பருப்பும் இரண்டாம் பாலும் சேர்த்து, கடைசியில் முதல் பாலை ஊற்றிக் கொதி வருவதற்குள் இறக்கிவிட வேண்டும், அந்த நேரத்தில் போன் வந்தால் எடுக்கவே மாட்டேன். இஞ்சித் துவையல் அம்மா அரைத்தால்தான் அம்மாவுக்குப் பிடிக்கும். பெண் ப்ளஸ் டூ, கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருக்கிறாள், பைத்தான் பாடத்தில் எனக்குத் தெரியாததை அவள்தான் எனக்குச் சொல்லித் தருகிறாள், பெருமையாக இருக்கிறது.

ராத்திரியில் என் பொழுது ரேடியோவோடுதான். பழைய வால்வு செட், டிரான்சிஸ்டர் செட் எது கிடைத்தாலும் வாங்கிவந்து பிரித்துப் போடுகிறேன். இப்போது மேஜையில் இருப்பது பக்கத்துத் தெருப் பெரியவர் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்த பாக்கெட் அளவுக்குக் கொஞ்சம் பெரிய செட், கூடவே தபால் ஆபீசில் வருஷா வருஷம் கட்டணம் கட்டி முத்திரை குத்திய ரேடியோ லைசென்ஸ் புத்தகமும் கொடுத்தார், அதைப் புரட்டுவதற்கே ஒரு சாயங்காலம் போயிற்று. உள்ளே கெப்பாசிட்டர்கள் காய்ந்துபோயிருந்தன, டயல் கயிறு அறுந்திருந்தது. அந்தக் கயிற்றை மாட்டுவதுதான் இதில் இருப்பதிலேயே பொறுமையான வேலை, குமிழின் தண்டில் இரண்டு மூன்று சுற்று, கப்பிகள் வழியாகப் போய்ப் பெரிய சக்கரத்தைச் சுற்றி வந்து ஸ்பிரிங்கில் முடிய வேண்டும், முள் நேராக நிற்க வேண்டும், தளர்ந்தால் குமிழ் வழுக்கும். சரியாக விழுந்தபோது குமிழைத் திருப்பினால் முள் வெண்ணெயில் போவதுபோல் போயிற்று.

ஆனால் மீடியம் வேவ் கேட்க விடாமல் செய்வது எனக்குப் பிழைப்பு தரும் சாமான்கள்தான். கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ், லேப்டாப் சார்ஜர், எல்ஈடி பல்பு எல்லாம் உள்ளே படுவேகமாக ஆன் ஆஃப் ஆகிக்கொண்டே இருப்பவை, அந்த இரைச்சல் அப்படியே ரேடியோவில் ஏறிவிடும். அதனால் எல்லாரும் தூங்கிய பிறகு ஒவ்வொன்றாகப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாடிக்குப் போய்விடுகிறேன். ராத்திரியில் வளிமண்டலத்தில் மேலே இருக்கும் மின்னேறிய அடுக்குகளில் ரேடியோ அலையை உறிஞ்சுகிற கீழடுக்கு மறைந்துவிடுவதால் தூரத்து நிலையங்கள் வந்து விழும், செட்டையே மெல்லத் திருப்பினால், உள்ளே ஏரியலாக இருக்கும் ஃபெரைட் கம்பி திசைக்கு வந்ததும் ஒரு குரல் மேலெழும். நீயும் நானும் ஹாஸ்டலில் இலங்கை வானொலிக்காகச் சன்னல் கம்பியில் ஒயரைச் சுற்றி வைத்தது நினைவிருக்கும்.

சரி, விஷயத்துக்கு வா. மே லீவில் ஊருக்கு வருகிறாய்தானே? வருவதற்கு ஒரு வாரம் முன்னால் சொல், எஸ்எஸ்டி வரவழைத்து வைக்கிறேன், 256 ஜிபி போதுமா 512 வேண்டுமா என்று உன் ஃபைல் எவ்வளவு இருக்கிறது பார்த்துச் சொல்லிவிடு. அதற்கு முன் அப்பா அறுபதாம் கல்யாணப் படங்கள், பையன் குழந்தைப் படங்கள் எல்லாவற்றையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கிலும், இன்னொரு பிரதியாகத் தங்கச்சி வீட்டு சிஸ்டத்திலும் போட்டு வை, ஒரே வீட்டில் இரண்டு பிரதி இருப்பதில் பயனில்லை, அதை அந்த வெள்ளத்தில் நன்றாகப் பார்த்துவிட்டேன். யாரிடமும் கொடுத்து ஃபார்மட் மட்டும் பண்ணிவிடாதே. அப்பாவுக்கும் தங்கச்சிக்கும் என் அன்பு. லேப்டாப்போடு சார்ஜரையும் மறக்காமல் எடுத்து வா, உன் மாடலுக்கு முனை வேறு, இங்கே கிடைக்காது.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்