பேட்மேனுக்குப் பாட்டு வேற ஆளு, பிஜிஎம் வேற ஆளுங்க

ஆசிரியர் சாருக்கு வணக்கம்ங்க,

போன இதழ்ல சூப்பர்ஹீரோ படப் பாட்டுங்களப் பத்தி வந்த கட்டுரைய அஸ்தம்பட்டி ரவுண்டானா பக்கம் ஒரு டீக்கடைல நின்னுக்கிட்டே படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா 1989ல வந்த பேட்மேனுக்கு இசை பிரின்ஸ்னு ஒரே வரில முடிச்சுட்டீங்க பாருங்க, அங்கதான் டீ ஆறிப்போச்சு. பின்னணி இசை டேனி எல்ஃப்மன் சார். அமெரிக்கப் பாடகரு பிரின்ஸ் குடுத்தது பாட்டுங்க. நம்ம படத்துல பெரும்பாலும் ரெண்டையும் ஒரே ஆளே போடறதால வர்ற குழப்பம்தான், தப்பா எடுத்துக்காதீங்க.

நானே இதுல ஏமாந்தவன். காலேஜ் படிக்கறப்ப நாலு ரோடு பக்கம் ஒரு ரெக்கார்டிங் கடைல பிரின்ஸ் ஆல்பத்த ஒரு அறுபது நிமிஷ கேசட்டுல பதிஞ்சு வாங்கினேன், மொத்தம் ஒம்போது பாட்டு, கடைசில பேட்டான்ஸ்னு ஒரு பாட்டு, ஆறு நிமிஷத்துக்கும் மேல ஓடும், நடுவுல தாளம் படக்குன்னு மாறிரும், மொதல் தடவை கேட்டப்ப டேப் சிக்கிருச்சுன்னு வெளிய எடுத்து பென்சில விட்டுச் சுத்திட்டு இருந்தேன். பட வசனத்தையெல்லாம் வெட்டி வெட்டிப் பாட்டுக்குள்ள போட்டிருப்பாரு. அமெரிக்காவுல நம்பர் ஒன் ஆன பாட்டு. சரி படத்துல எப்படி இருக்கும்னு அம்மாபேட்டைல பெரியப்பா வீட்டுக்கு வீடியோ டெக் வாடகைக்கு எடுத்துட்டுப் போய் உக்காந்தா, அந்தப் பேட்டான்ஸ் வரவே இல்லைங்க! கடைசில எழுத்து ஓடறப்ப ஸ்கேண்டலஸ் பாட்டு போகுது, அதுக்கப்புறமாவது வரும்னு நான் உக்காந்திருக்கேன், "எழுத்துக்கெல்லாமாடா உக்காருவ, எந்திரி, டெக்க ஆஃப் பண்ணு"ன்னாரு பெரியப்பா.

ஆனா மியூசியம் சீன் ஒண்ணு இருக்கு பாருங்க. ஜோக்கரோட ஆளு ஒருத்தன் பெரிய டேப் ரெக்கார்டரத் தோள்ல தூக்கிட்டு வர்றான், பார்ட்டிமேன் பாட்டு அதிருது, ஜோக்கரா நடிச்ச ஜாக் நிக்கல்சன் ஆடிக்கிட்டே அங்க இருக்கற ஓவியத்து மேலெல்லாம் பெயிண்ட ஊத்தறாரு. பாட்டும் சீனும் ஒட்டிக்கிட்ட இடம்னா எனக்கு அது ஒண்ணுதான். ஊர்வலத்துல பணத்த வாரி எறைக்கறப்ப வர்ற ட்ரஸ்ட் பாட்டு பரவாயில்ல ரகம். டைட்டில்ல அந்த வவ்வா சின்னத்துக்குள்ளயே கேமரா ஊர்ந்து ஊர்ந்து போறப்ப உடம்பு சிலிர்க்குமே, அது எல்ஃப்மன் வேலைங்க, பிரின்ஸ் இல்ல.

2018ல ப்ளாக் பாந்தர்லயும் இதே கதைதான், பாட்டு ஆல்பம் ராப் பாடகரு கென்ட்ரிக் லமார், ஆனா பின்னணி இசைக்கு ஆஸ்கார் வாங்கினது லுட்விக் கோரான்சன். அதயும் நீங்க லமார் கணக்குலயே எழுதிட்டீங்க.

பழைய சினிமா ஸ்டுடியோ மாடர்ன் தியேட்டர்ஸோட வளைவு இன்னும் நிக்கற ஊருங்க இது, டைட்டில் கார்டுல பேரு மாறுனா எங்களுக்குக் கண்ணுல பட்டுரும். அடுத்த இதழ்ல எல்ஃப்மன் பேர ஒரு மூலைலயாவது போட்ருங்க. அந்தக் கேசட் இன்னும் எங்கிட்ட இருக்கு, கடைக்காரர் கையெழுத்துல "பேட்மேன், மியூசிக் பிரின்ஸ்"னு ஊதா மையில இருக்கு, அத மட்டும் நானும் இன்னும் திருத்தலைங்க.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகன்,
அஸ்தம்பட்டி, சேலம்