முதலில் வடிகான், பிறகு வீதி

மட்டக்களப்பு மாவட்டத்தின் மாநகர, நகர, பிரதேச சபைகளின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஓர் ஊரின் ஒழுங்கையிலிருந்து எழுதுகிறேன். ஊரின் பெயரை வேண்டுமென்றேதான் விடுகிறேன். நான் சொல்லப்போவது உங்களில் பலருடைய வட்டாரங்களுக்கும் பொருந்தும். அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தை நீங்கள் தயாரிக்கும் காலம் நெருங்குகிறது. அதில் வடிகான் பராமரிப்புக்கு ஒரு தனித் தலைப்பு வேண்டும். வீதி நிதியோடு கலக்காமல், இடையில் வேறு எதற்கும் திருப்ப முடியாதபடி அது இருக்கவேண்டும். இதைக் கேட்கவே இந்த மடல்.

எங்கள் ஒழுங்கைக்குச் சில ஆண்டுகளுக்கு முன் கொங்கிரீட் போட்டார்கள். அன்று நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம், அதை மறைக்கவில்லை. ஆனால் பழைய வீதியைக் கிளறி எடுக்காமல் அதன் மேலேயே போட்டதால், வீதி முக்கால் அடி உயர்ந்தது. எங்கள் வளவுகள் எல்லாம் பள்ளமாகின. ஓரத்தில் இரண்டு அடி அகலத்தில் வடிகானும் கட்டினார்கள். நல்ல வேலைதான். அந்த வடிகான் சந்தியில் வீதியைக் கடக்கும் இடத்தில் மட்டும் பழைய ஒன்பது அங்குலக் குழாயை அப்படியே விட்டுவிட்டார்கள். மதகு அடுத்த கட்டத்தில் வரும் என்றார்கள். இன்னும் வரவில்லை.

கார்த்திகை மழையில் ஒவ்வொரு முறையும் அந்தக் குழாயின் வாய்க்குள் கைவிடுவது நான்தான். லஞ்ச் சீட், யோகட் கோப்பை, பூவரசம் இலை, ஒருமுறை ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு. இழுத்து எடுத்ததும் தண்ணீர் ஒரு சுழி சுழித்து இறங்கும். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் மறுபடியும் படிக்கட்டு வரை நிற்கும். பக்கத்து வீட்டு அம்மம்மா தன் கட்டிலின் நான்கு கால்களுக்கும் கீழே சீமெந்துக் கல் வைத்திருக்கிறார். கச்சான் காற்றில் மண் பறக்கும் ஆடி மாதத்திலும் அந்தக் கற்களை அவர் எடுப்பதில்லை.

2024 நவம்பரில் காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் உழவு இயந்திரத்தோடு அடித்துச் சென்ற பிள்ளைகளை இந்தக் கரை மறக்காது. அந்தத் துயரத்தின் பக்கத்தில் என் முற்றத்துத் தண்ணீரை வைக்க மாட்டேன். பெருவெள்ளம் வேறு. நான் பேசுவது ஒவ்வொரு மாரியிலும் வருகிற, முன்கூட்டியே தெரிந்த, சபையின் கைக்கு எட்டுகிற தண்ணீரைப் பற்றி.

வீதியைக் கெடுப்பதும் இந்தத் தண்ணீர்தான். தாரின் வெடிப்பு வழியாகவும் ஓரம் வழியாகவும் அது உள்ளே இறங்கி, கிறவலையும் மண்ணையும் இளக்குகிறது. மேலே ஒரு மணல் லொறி போனால் போதும், அடித்தளம் நெகிழ்ந்து மேற்பரப்பு உடைகிறது. தண்ணீர் வடியாத இடத்தில் எத்தனை முறை குழி நிரப்பினாலும் அடுத்த மாரிக்கு அதே குழி திறந்துவிடும். வடிகானுக்குச் செலவழிக்காத பணத்தை வீதிக்கு இரண்டு மடங்காகச் செலவழிக்கிறோம்.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உலக வங்கியின் உதவியோடு நடந்த நெல்சிப் போன்ற திட்டங்கள் வடக்கிலும் கிழக்கிலும் வீதியும் சந்தையும் கட்டித் தந்தன. ஆனால் திட்டம் முடிந்தால் அதன் பணமும் முடிந்துவிடும். ஆண்டுதோறும் சேறு அள்ளுவதற்கும் உடைந்த மூடியை மாற்றுவதற்கும் எந்த வெளிநாட்டு நிதியும் வரப்போவதில்லை. பாராளுமன்ற உறுப்பினர்கள் தங்கள் பகுதி வேலைகளுக்கு ஒதுக்கும் பன்முகப்படுத்தப்பட்ட நிதியும் பெயர்ப்பலகை வைக்கக்கூடிய வேலைகளையே தேடிப் போகிறது. ஆகவே பராமரிப்பு என்பது சபையின் சொந்த வருமானத்தில்தான் நிற்கவேண்டும்.

அந்த வருமானத்தில் முதலாவது, வீடு வளவுகளுக்குச் சபை அறவிடும் சோலைவரி. ஜனவரி 31க்குள் முழு ஆண்டுக்கும் செலுத்தினால் 10 வீதக் கழிவு உண்டு என்பது எங்கள் ஒழுங்கையில் பாதிப் பேருக்குத் தெரியாது. வீடு வீடாகச் சொல்லுங்கள். மாடி எழும்பிய பிறகும் ஓலை வீட்டுக்கான வரியே கட்டுகிற வளவுகள் எங்கள் ஊரில் இருக்கின்றன. அவற்றை மறுமதிப்பீடு செய்யுங்கள். என் வரி கூடினாலும் நான் கட்டுகிறேன், இதை எழுத்தில் தருகிறேன். பதிலுக்கு நான் கேட்பது, ஒவ்வொரு 100 ரூபாய் சோலைவரியிலும் 20 ரூபாய் வடிகானுக்கு என்று சபையில் தீர்மானம் நிறைவேற்றி, அது எந்த ஒழுங்கையில் செலவானது என்று வட்டாரம் வட்டாரமாக அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள் என்பதே.

இரண்டாவது, காணி கைமாறும்போது கட்டப்படும் முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும். அவை மாகாணத்தின் வழியாக உங்களுக்கு வரவேண்டிய பணம். கிழக்கு மாகாண சபை 2017 செப்டெம்பரில் கலைந்த பின் அங்கே உங்களுக்காகக் குரல் எழுப்ப மக்கள் பிரதிநிதி எவரும் இல்லை. கட்சி பாராமல் எல்லாச் சபைகளும் சேர்ந்து ஆளுநரிடம் கணக்குக் கேளுங்கள். காத்தான்குடிக்கும் ஏறாவூருக்கும் மட்டக்களப்புக்கும் இதில் வேறு வேறு நலன் இல்லை.

இன்னொன்று பணத்தை விட மட்டத்தைப் பற்றியது. நம் நிலம் தட்டை. ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை, சீ, டீ தர வீதிகள் மாகாணத்துடையவை, ஒழுங்கைகள் உங்களுடையவை. ஒருவர் கட்டும் வடிகானின் அடிமட்டம் அடுத்தவருடையதை விட நாலு அங்குலம் உயர்ந்தாலும் போதும், தண்ணீர் திரும்பி எங்கள் வீட்டுக்குள் வரும். வாவி நிரம்பி, அதன் தண்ணீரைக் கடலுக்கு விட முகத்துவாரம் வெட்டுவது பற்றி மாவட்டச் செயலகமான கச்சேரியில் கூட்டம் நடக்கும் நாட்களில் எந்த வடிகானும் ஓடாது. அது எங்களுக்கும் தெரியும். ஆனால் வாவி இறங்கிய பிறகும் ஒரு கிழமையாக எங்கள் ஒழுங்கையில் தண்ணீர் நிற்பது ஏன்? ஊருக்கு ஒரு வடிகால் வரைபடம் இருந்தால் அதற்குப் பதில் கிடைக்கும். அந்த வரைபடம் இல்லாமல் இனி ஒரு மீற்றர் கொங்கிரீட்டும் போடவேண்டாம்.

2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்த பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் எங்களுக்கென்று ஓர் உறுப்பினர் இருக்கவில்லை. 2025 மே 6ஆம் திகதி வரிசையில் நின்று வாக்களித்தோம். இப்போது கேட்க ஆள் இருக்கிறது, அதனால் கேட்கிறேன்.

புரட்டாதி முடிவதற்குள் ஒரு நாள் உங்கள் வட்டாரத்து ஒழுங்கைகளில் நடந்து பாருங்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தரையும் அழைத்து வாருங்கள், மட்டம் பார்க்கும் கருவியையும் கொண்டு வாருங்கள். எங்கள் சந்திக்கு வருகிறவர்களுக்கு அந்த ஒன்பது அங்குலக் குழாயை நானே காட்டுகிறேன்.

இப்படிக்கு,
சோலைவரி செலுத்தும் ஒருவர்