சின்னவனுக்கு மருந்து எதுக்கு?

அன்புள்ள மகளுக்கு,

மாமியின் சளியில் காசநோய்க் கிருமி கண்டிருக்கிறது என்றால், அடுத்ததாகப் பார்க்க வேண்டியது சின்னவனை. நோய் வராமல் தடுக்க அவனுக்கு மருந்து கொடுக்க வேண்டும் என்றால், "ஓடி விளையாடுறான், மருந்து எதுக்கு?" என்று வீட்டில் கேட்பினம். இரண்டு வயதில் தொற்றினால் சில மாதத்திலேயே நோயாகலாம், மூளைக்காய்ச்சல் வரை போகலாம். பிறந்தவுடன் போட்ட பீசீஜீ என்ற காசநோய்த் தடுப்பூசி அந்தக் கடும் வகைகளைப் பெரிதும் தடுக்கும். தொற்றையே முழுதாக மறிக்காது.

முதலில் அவனுக்கு நோய் இல்லை என்று தெரிய வேண்டும். இரண்டு கிழமைக்கு மேல் இருமல், விடாத காய்ச்சல், கிளினிக் கொப்பியில் ஏறாத நிறை, விளையாட்டில் சோர்வு எல்லாம் டாக்டரிடம் சொல்லு. எக்ஸ்ரேயும் எடுப்பினம். நோய் இருக்கும்போது தடுப்பு மருந்தை மட்டும் கொடுத்தால், அந்த மருந்துக்கு அசையாத கிருமி தப்பிப் பெருகிவிடும்.

தொற்று இருக்கிறதா என்று பார்க்கக் கையில் போடும் மான்டூ சோதனை ஊசியை 48 முதல் 72 மணித்தியாலத்துக்குள் பார்க்க வேண்டும். ஒட்டுசுட்டானிலிருந்து திரும்பவும் பஸ் பிடிக்க வேண்டுமே, செவ்வாயில் போட்டால் வியாழனில் காட்டலாம். போயா விடுமுறையையும் கலண்டரில் பார். அளப்பது தடிப்பைத்தான், சிவப்பை அல்ல. தடிப்பு இல்லாவிட்டாலும் ஆறுதல்படாதே. தொற்றிய பிறகு அது தெரிய எட்டுக் கிழமை வரை செல்லும். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் அதற்காக மருந்தைப் பிற்போடத் தேவையில்லை.

தடுப்பு மருந்து ஐசோனியாசிட் மட்டும் என்றால் கிலோவுக்கு 10 மில்லிகிராம், தினமும், ஆறு மாதம். பத்துக் கிலோ பிள்ளைக்கு 100 மில்லிகிராம் குளிசை ஒன்று. ரிபாம்பிசின் என்ற இன்னொரு மருந்தும் சேர்ந்த கரையும் குளிசை என்றால் மூன்று மாதம். சலம் செம்மஞ்சளாகப் போகும், பயப்படாதே. மாமியின் கிருமி மருந்துக்கு அடங்காத வகை என்றால் இந்தக் கணக்கெல்லாம் மாறும், அதைக் கட்டாயம் கேள்.

வெறும் வயிற்றில் காலையில் கொடு. கொஞ்சத் தண்ணியில் கரைத்து, கிண்ணத்தில் ஒட்டினதையும் கழுவிப் பருக்கு. போத்தல் பாலில் போடாதே. பாலை மிச்சம் விட்டால் மருந்தும் மிச்சம். மாதாமாதம் நிறுத்துக் காட்டு, நிறை ஏறினால் அளவும் ஏறும். சாப்பாடு வேண்டாம் என்று அடம், விடாத சத்தி, கண் மஞ்சள் கண்டால் மருந்தை நிறுத்தி அன்றைக்கே கொண்டு போ.

மாசி அறுவடைக்கு இங்கே வரும்போது குளிசையையும் மருந்து அட்டையையும் முதலில் பையில் வை. ஒரு நாள் விட்டால் மறுநாள் இரட்டிப்பாகக் கொடுக்காதே. மூத்தவளுக்கு ஏழு வயது என்று விட்டுவிடாமல் அவளையும் கூட்டிக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா