ஹார்லெம் டேப்புகள் பிழைத்தது எப்படி?

ஆசிரியருக்கு,

'சம்மர் ஆஃப் சோல்' ஆவணப்படம் பற்றித் தங்கள் திரைப் பக்கத்தில் வந்த கட்டுரை, 50 ஆண்டுகள் யார் கண்ணிலும் படாத காட்சிகள் என்கிறது. அது முழுக்கச் சரியல்ல. 1969 கோடையில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், மவுண்ட் மாரிஸ் பூங்காவில் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் நடந்த இலவச இசை விழாவைத்தான் அந்தப் படம் காட்டுகிறது. விழாப் பதிவின் ஒரு பகுதி அந்த ஆண்டே அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்தது. மீதியை வாங்கத்தான் ஆள் இல்லை. ஸ்டீவி வொண்டரும் நினா சிமோனும் மஹாலியா ஜாக்சனும் பாடி, ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் கேட்ட விழாவைக் கறுப்பர்களின் நிகழ்ச்சி என்று ஒதுக்கிவிட்டார்கள். இந்த அநியாயத்தைக் கட்டுரை அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

விழாவைப் பதிவு செய்த ஹால் டல்சின் சுமார் 40 மணி நேரக் காட்சியைத் தன் வீட்டு அடித்தள அறையில் வைத்திருந்தார். அன்று வீடியோ டேப் விலை அதிகம். ஒளிபரப்பு முடிந்ததும் அழித்துவிட்டு அதிலேயே அடுத்ததைப் பதிவது வழக்கம். டல்சின் அழிக்கவில்லை. காட்சிகள் தப்பியதற்கு முதல் காரணம் அதுதான். அவை இன்றும் தெளிவாக இருப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. விளக்குகளுக்குப் பணம் இல்லாததால் மேடையை மேற்கு பார்த்து அமைத்தார்கள். அந்தக் காலக் கலர் கேமராவுக்கு நிறைய வெளிச்சம் வேண்டும். பிற்பகல் வெயில் அதைக் கொடுத்தது. பாடகர்களின் உடை நிறங்கள் இன்றும் பளிச்சென்று இருக்கின்றன.

ஆனால் டேப் இருந்தால் மட்டும் போதாது, அதை ஓட்ட இயந்திரம் வேண்டும். இது இரண்டு அங்குல அகல டேப். நொடிக்கு 15 அங்குலம் ஓடும். ஒரு மணி நேரத்துக்கு 4,500 அடி. நான்கு ஹெட் (டேப்பில் எழுதவும் படிக்கவும் செய்யும் காந்த முனை) பதித்த சக்கரம் நிமிடத்துக்கு 14,400 சுற்று சுழன்று படத்தை டேப்பின் குறுக்காக எழுதும். ஒரு ஹெட் மட்டும் சற்றுப் பிசகினாலும் திரையில் சுமார் 16 படவரிகள் அகலத்தில் நிறம் மாறிய பட்டைகள் விழும். தேய்ந்த ஹெட்டைப் புதுப்பித்துத் தருபவர்கள் உலகில் வெகு சிலரே.

அடித்தள அறையில் வைத்தால் போதும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஈரம் ஏறினால் காந்தத் துகளைப் பிடித்திருக்கும் பசை இளகி ஹெட்டில் அப்பிக்கொள்ளும்; ஓடிக்கொண்டிருக்கும்போதே படம் போய்விடும். 1970களின் நடுவிலிருந்து வந்த பல டேப்புகளுக்கு இந்தக் கோளாறு அதிகம். சுமார் 54 டிகிரி செல்சியஸில் மணிக்கணக்கில் வைத்து ஈரத்தை எடுத்து, சில வாரங்களுக்குள் நகல் எடுத்தாக வேண்டும். அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பழைய டேப்பைச் சூடாக்கவே கூடாது. முதலில் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சோதனைக்காகச் சும்மா ஓட்டிப் பார்ப்பது தவறு. முதல் ஓட்டமே கடைசி ஓட்டமாகிவிடலாம் என்பதால் அப்போதே பதிவும் நடக்க வேண்டும்.

1972இல் லாஸ் ஏஞ்சலிஸ் விளையாட்டரங்கில் ஒரு டாலர் கட்டணத்தில் லட்சம் பேருக்கு மேல் கூடிய 'வாட்ஸ்டாக்ஸ்' இசை நிகழ்ச்சியைப் பற்றிய படத்தின் நிலைமை வேறு. அது டேப்பில் அல்லாமல் ஃபிலிமில் எடுத்த படம் என்பதால் இந்த இயந்திரச் சிக்கல் இல்லை. அங்கே இடித்தது உரிமை. பாடகர் ஐசக் ஹேய்ஸ் மேடையில் பாடிய, 'ஷாஃப்ட்' திரைப்படப் பாடலை 1978 வரை வேறு படத்தில் சேர்க்கக் கூடாது என்று ஒப்பந்தம் இருந்தது. அதை வெட்டிவிட்டு, படப்பிடிப்புத் தளத்தில் தனியாகப் படமாக்கிய வேறொரு பாடலை ஒட்டி வெளியிட்டார்கள். உண்மையான முடிவு 2003 பதிப்பில்தான் திரும்ப வந்தது. இப்படத்தைப் பற்றி எழுதினால் எந்தப் பதிப்பு என்பதையும் வாசகர்களுக்குச் சொல்லுங்கள்.

- வீடியோ காப்பகப் பணியாளர், சென்னை