செம்பாறைகளுக்கு இடையே ஒரு சுற்றுப்பாதை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் வசிக்கும் மகளைக் காணச் சென்றிருந்தபோது, அங்குள்ள 'கார்டன் ஆஃப் தி காட்ஸ்' பூங்காவில், செம்பாறைகளுக்கு இடையே வளைந்து புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் சுமார் 2.4 கிலோமீட்டர் பாதையை, மூட்டுவலிக்காரனான நானும் சிரமமின்றி நடந்து முடித்தேன். கிடையாகப் படிந்த மணற்கல், மலைகள் எழுந்தபோது செங்குத்தாக நிமிர்ந்ததாம். சிவப்பு நிறம் இரும்பு ஆக்சைடு தந்தது. (வண்டலில் பிறந்தவனுக்குக் கூழாங்கல்லே அதிசயம்!) அந்நிலத்தின் உரிமையாளர்களான பெர்கின்ஸ் குடும்பத்தார் 1909-இல் அதை நகரத்துக்கு அளித்தபோது விதித்த நிபந்தனைப்படி, இன்றும் நுழைவுக் கட்டணம் கிடையாது.

மூக்குக் கண்ணாடி வில்லைகளுக்குப் படிகக் கல் தந்த, தஞ்சாவூர் அருகேயுள்ள நம் வல்லத்துச் செம்மண் மேட்டிலும், சக்கர நாற்காலி செல்லத்தக்க சிறு சுற்றுப்பாதை ஒன்றை, மண்ணின் கதை சொல்லும் பலகைகளுடன் அமைக்க மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கும்பகோணம்